அழாத பிள்ளையைக் கவனியுங்கள்: கடுமையான புறக்கணிப்பை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுது பார்த்தும் பால் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? கொஞ்ச நாளில் அழுவதையே விட்டுவிடும். பசித்தாலும், ஈரத்துணி தோலில் எரிந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் சத்தம் வராது. "தொந்தரவே கொடுக்காத குழந்தை" என்று சுற்றியிருப்பவர்கள் பாராட்டவும் செய்வார்கள். குழந்தைகளோடு வேலை பார்க்கப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அறையில் அதிகச் சத்தம் போடுகிற பிள்ளையிடம் உங்கள் கண் தானாகவே போய்விடும். மூலையில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர், காப்பகப் பணியாளர், செவிலியர், டியூஷன் எடுப்பவர், விளையாட்டுப் பயிற்சி தருபவர், தன்னார்வலர், பக்கத்து வீட்டுக்காரர் என யாராக இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் போதும்.

சாப்பாடு, தண்ணீர், உடை, சுத்தம், தூங்க இடம், வைத்தியம், கூட ஒரு பெரியவர் இருப்பது: ஒரு குழந்தையின் உடம்புக்கு வேண்டிய இந்த அடிப்படைகளை, தர முடிந்தும் தராமல் விடுவதும், உதவி கிடைத்தும் பயன்படுத்தாமல் தொடர்ந்து விடுவதும் புறக்கணிப்பு. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, அடி உதைக்கு இணையாகவே இதையும் வைக்கிறது. அடிக்கு ஒரு நாள் உண்டு, காயம் உண்டு, "என்ன ஆச்சு" என்று கேட்க முடியும். புறக்கணிப்புக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. நடக்காமல் போன பல விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தது அது. அதனால் ஒரே பார்வையில் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதில் நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். தினமும் சட்டையெல்லாம் மண்ணாக வரும் ஒரு பையனைப் பற்றி இரண்டு வாரம் கவலைப்பட்டேன். விசாரித்தால், வழியில் இருக்கும் மண்மேட்டில் உருண்டுவிட்டு வருகிறான், அவ்வளவுதான். அதே அறையில், துவைத்த உடுப்போடு ஒழுங்காக வந்துபோன ஒரு பெண்குழந்தையின் கால்புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

முதல் படி: ஒரு நோட்டு

அறிகுறிகளைப் படிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். உங்கள் அபிப்பிராயம் வேண்டாம்.

"இன்றைக்கும் பரிதாபமாக வந்தான். அம்மாவுக்கு அக்கறையே இல்லை." இப்படி எழுதினால் யாருக்கும் பயன்படாது. "12ஆம் தேதி, திங்கள், காலை 8.40. வெள்ளிக்கிழமை போட்டிருந்த அதே சட்டை, மூத்திர வாடை. இடது குதிகாலில் சீழ் வைத்த புண்; போன செவ்வாயும் இருந்தது. 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே' என்று கேட்டேன். 'தூங்கிட்டேன்' என்றான்." இது பயன்படும். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், திருத்தமான தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். சித்திரவதையும் பட்டினியும் குளிரும் சேர்ந்து கொன்றன. அதற்கு முந்தைய மாதங்களில் மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், காவல்துறை என்று பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள். 1999 ஜூலையில் உடம்பில் இருந்த தடங்களைச் சிரங்கு என்று சொல்லி அனுப்பியும் விட்டார்கள். லார்ட் லாமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வந்தது. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 சந்தர்ப்பங்கள் இருந்தும் தவறவிடப்பட்டன என்றது அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. உங்கள் நோட்டு அப்படி ஒரு துண்டு. அதை ஒழுங்காக வைத்திருந்தால்தான் இன்னொருவரின் துண்டோடு பொருத்திப் பார்க்க முடியும்.

நோட்டைப் பூட்டி வையுங்கள். குழந்தையின் உடம்பை உங்கள் போனில் படம் எடுக்காதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், குழுக்களில் போடாதீர்கள். பார்ப்பதற்காக உடுப்பை விலக்குவதும் கூடாது. அதெல்லாம் மருத்துவரின் வேலை.

இரண்டாம் படி: உடம்பு தேறுகிறதா

"பிள்ளை தேறவே மாட்டேங்குது" என்று வீட்டில் சொல்வோமே, அதுதான் முதல் கேள்வி. ஒல்லியாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வளர்கிறதா என்று பாருங்கள்.

சில கணக்குகள் மனதில் இருக்கட்டும். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது சகஜம். அந்தக் குறைவு பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும், இரண்டு வாரத்துக்குள் திரும்பவும் ஏறிவிடும். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. சாப்பாடு போதவில்லை என்றால் முதலில் எடை நிற்கும், அப்புறம் உயரம் நிற்கும். தலைச்சுற்றளவு கடைசியில்தான் பாதிக்கப்படும், ஏனென்றால் உடம்பு மூளையை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கும். வளர்ச்சி அட்டையில் ஒரு குழந்தையின் கோடு எப்போதும் கீழேயே இருந்து, அதே வழியில் ஏறினால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே இருந்த கோடு ஒன்றன்பின் ஒன்றாக அட்டையின் வரிகளைக் கடந்து கீழே சரிந்தால் காரணம் தேட வேண்டும்.

"எங்கள் குடும்பமே ஒல்லி" என்ற பதில் அடிக்கடி வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரிக்கப்பட்டவை. நல்ல சாப்பாடும் பராமரிப்பும் கிடைத்தால் முதல் ஐந்து வயதில் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே அந்தப் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு.

முகத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பட்டினியில் உடம்பு கொழுப்பை ஒரு வரிசையில் எடுத்துச் செலவழிக்கிறது. அக்குள், தொடை இடுக்கில் தொடங்கும். அப்புறம் தொடை, பின்பக்கம், வயிறு. கன்னம் கடைசி. கன்னம் உப்பலாக இருக்கும் குழந்தையின் தொடையில் தோல் மடிந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். கன்னமும் ஒட்டி, சின்ன முகத்தில் கிழவர் களை வந்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது.

இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் உண்டு. வயிறு உப்பி, கால் வீங்கி, பார்க்கப் பூசினாற்போல் இருக்கும் குழந்தை. இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி மெதுவாக அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வரும். தோல் உரியும். குவாஷியோர்கர் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் ஊட்டக்குறைவு இது. கானாவின் கா மொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லை 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் உலகுக்குச் சொன்னார். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். நம்மிடமும் 'சவலைப் பிள்ளை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதே குழந்தைதான். தாய்ப்பால் நின்றுபோன, கவனம் கைக்குழந்தையின் பக்கம் போய்விட்ட பிள்ளை. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே பிள்ளைக்குப் பெயர் வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். வீக்கத்தில் இருக்கும் நீர் எடையையும் கூட்டிக் காட்டும் என்பதால் தராசை மட்டும் நம்பக்கூடாது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை அளந்து பார்ப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட சிவப்புக் கோடு. கையின் குறுக்களவு நாலு சென்டிமீட்டர்கூட இல்லை என்று கணக்கு. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை அந்த இடத்தின் சுற்றளவு அதிகம் மாறாது என்பதால்தான் எல்லா வயதுக்கும் ஒரே எண் போதுகிறது. அளவு நாடா உங்கள் வேலையிடத்தில் இருந்தால் சரியாக அளக்கப் பழகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விடுங்கள், கண்ணும் நோட்டும் போதும்.

மூன்றாம் படி: தோல், முடி, பல்

அழுக்கைப் பார்த்ததும் முடிவுக்கு வர வேண்டாம் என்று மண்மேட்டுக் கதையிலேயே சொல்லிவிட்டேன். இன்றைய அழுக்கு முழங்காலிலும் கையிலும் இருக்கும், கழுவினால் போகும். வாரக்கணக்கான அழுக்கு கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் நகத்தடியிலும் கருத்துப் படிந்திருக்கும், தேய்த்தாலும் சட்டென்று போகாது. துணியில் பழைய மூத்திரமும் வேர்வையும் சேர்ந்து காய்ந்த வாடை அடிக்கும். அந்த வாடையால் மற்றப் பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்வார்கள். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

பேன் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும். ஒரு தடவை பேன் இருந்தால் அதில் எழுத ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் பேன் மொய்த்து, சொறிந்து சொறிந்து தலை புண்ணாகி, முடி சடையாக ஒட்டி, கழுத்தில் நெறிகட்டி இருந்தால் எழுதுங்கள். டயப்பர் புண்ணும் அப்படித்தான். மேலோட்டமான சிவப்பு எல்லாக் குழந்தைக்கும் வந்து போகும். தோல் உரிந்து, ரத்தம் கசிந்து, சீழ் பிடித்து, மருந்து கொடுத்தனுப்பியும் அடுத்த வாரம் அதைவிட மோசமாக இருந்தால் மணிக்கணக்கில் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நடக்க முடியாத குழந்தையாக இருந்தால் பின்தலை, முதுகின் அடி, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் வரும். திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லாத இடத்தில் வரும் புண் அது. உடல் ஊனம், பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தைகள் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பசிக்கிறது என்று சொல்லவே அவர்களால் முடியாமல் இருக்கலாம். "அந்தக் குழந்தை அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது மிகச் சுலபமும்கூட.

சொத்தைப் பல் பாதிக் குழந்தைகளிடம் பார்க்கலாம். முகம் வீங்கும் அளவுக்கு வலி, ஒரு பக்கமாகவே மெல்வது, கடினமானதைத் தொடாமல் இருப்பது, மருத்துவரிடம் போகச் சொல்லியும் மாதக்கணக்கில் போகாதது எல்லாம் சேர்ந்தால் அப்போது வேறு விஷயம். உடுப்பும் செருப்பும் சேர்த்துப் பாருங்கள். பருவத்துக்குப் பொருந்தாத உடை, விரலை மடக்கிப் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னச் செருப்பு.

நான்காம் படி: சொல்லியும் செய்யாதது

என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். நோய் வருவது யார் குற்றமும் இல்லை. நோய் வந்தது தெரிந்தும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியும், வழி காட்டியும், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. கை வீங்கி நாலு நாள் கழித்துத்தான் எலும்பு முறிவு தெரிந்தது. வலிப்பு மருந்து தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்துமா பிள்ளையிடம் இன்ஹேலர் இல்லை. கண்ணாடி உடைந்து ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகை தெரியவில்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலின் நின்றால் சில நாட்களுக்குள் உயிர் போகலாம். அதற்கு நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப நடப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். சூடுபட்டது, மாடிப்படியில் விழுந்தது, மாத்திரையை எடுத்து விழுங்கியது. தனித்தனியாக ஒவ்வொன்றும் விபத்துதான். ஆறு மாதத்தில் நாலு என்றால், பார்த்துக்கொள்ள அங்கே பெரியவர் யாரும் இருப்பதில்லையோ என்று கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: பசி எப்படி நடந்துகொள்கிறது

உடம்பு காட்டுவதற்கு முன்பே நடத்தை காட்டிவிடும். மற்றவர் தட்டையே பார்ப்பது, மெல்லாமல் விழுங்குவது, மிச்சத்தைப் பையில் பதுக்குவது, குப்பையில் கிடப்பதை எடுப்பது. விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் இது அதிகமாக இருந்தால் நோட்டில் கட்டாயம் எழுதுங்கள். கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்கிற பிள்ளையும், எல்லோரும் கிளம்பிய பிறகும் "நான் கூட்டட்டுமா, துடைக்கட்டுமா" என்று காரணம் தேடுகிற பிள்ளையும் உங்கள் மேல் பிரியத்தால் மட்டும் அப்படிச் செய்வதில்லை. வகுப்பில் தூங்கி விழுவது சோம்பலாக இருக்கலாம். ராத்திரியெல்லாம் தம்பியைத் தூக்கி வைத்திருந்ததாலும் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் அளவைச் சரியாகச் சொன்னால், வீட்டில் யார் அதைச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தைகளிடம் வேறு மாதிரி. தூக்கினால் உடம்பு துவண்டோ விறைத்தோ இருக்கும். முகத்தில் மாற்றம் வராது. கண் மட்டும் அசையாமல் உங்களையே பார்க்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை முன்பின் தெரியாத யாரிடமும் ஓடிவந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1989க்குப் பிறகு ருமேனியாவின் அனாதை இல்லங்களிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளிடம் இரண்டு வகையையும் பார்த்தார்கள். அந்த இல்லங்கள் பலவற்றில் சாப்பாடும் போதவில்லை, தூக்கி வைத்துக்கொள்ளக் கைகளும் இல்லை. அவர்களின் உயரமும் எடையும்கூடப் பின்தங்கியிருந்தன.

அண்ணன் தம்பிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைகளும் மெலிந்திருந்தால் வீட்டில் வறுமை இருக்கலாம். இரண்டு பிள்ளைகள் செழிப்பாக இருக்க ஒன்று மட்டும் எலும்பும் தோலுமாக இருந்தால் நோயாக இருக்கலாம், வேண்டுமென்றே ஒதுக்குவதாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உடனே பார்க்க வேண்டியது.

எதையும்விட எனக்குப் பயம் தருவது கண்ணில் படாமல் போன பிள்ளை. வந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று நிற்கிறது. கேட்டால் உடம்பு சரியில்லை, சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது, இனி வீட்டிலேயே படிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே உங்கள் நோட்டில் பெயர் இருக்கும் பிள்ளை என்றால், கடைசியாக யார், எந்தத் தேதியில் நேரில் பார்த்தார்கள் என்று அன்றைக்கே கண்டுபிடியுங்கள்.

ஆறாம் படி: வேறு என்னவாக இருக்கலாம்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். தவறான சந்தேகமும் ஒரு குடும்பத்தை உடைக்கும்.

குடல் சத்தை உறிஞ்சாத சீலியாக் நோய், பிறவி இதயக் கோளாறு, தைராய்டு என்று தேறாமல் போவதற்கு நோய்கள் பல உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வேறு கணக்கு. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குத் தலையில் தண்ணீர் படுவதே வதை, முடிவெட்டப் போனால் போர்க்களம், பல் துலக்கினால் அலறல். சாப்பாட்டிலும் நாலே நாலு பண்டம்தான் இறங்கும். அந்தப் பெற்றோர் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருப்பார்கள், பார்ப்பவருக்குப் பிள்ளை கவனிப்பாரற்றது போலத் தெரியும். நோயா, பட்டினியா என்று பிரிப்பது மருத்துவரின் வேலை. அவர்கள் பார்க்கும் தடயங்களில் ஒன்று, மருத்துவமனையில் சேர்த்துச் சாதாரணச் சாப்பாடு கொடுத்ததும் எடை சரசரவென்று ஏறுகிறதா என்பது.

வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடும் தவறு எங்கும் நடக்கிறது. நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. பிள்ளையின் நிலைமை பெற்றவருக்குத் தெரிந்திருக்கிறதா? அவர் கண்ணில் கவலை தெரிகிறதா? இருப்பதில் யாருக்கு முதல் பங்கு? உதவி நீட்டினால் வாங்கிக்கொள்கிறாரா, அடுத்த வாரம் ஏதாவது மாறுகிறதா? கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டு அனுப்பும் வீடும் உண்டு, விலை உயர்ந்த சட்டைக்குள் புண்ணோடு அனுப்பும் வீடும் உண்டு. பெரிய வீடுகளில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதால் அங்கே அது நெடுநாள் மறைந்திருக்கும். பெற்றவர் மனச்சோர்விலோ குடியிலோ, அடிக்குப் பயந்தோ கிடப்பதும் பின்னணியில் இருக்கலாம். அவருக்கும் உதவி வேண்டியதுதான். அதற்காகப் பிள்ளையின் விஷயம் காத்திருக்க முடியாது.

ஏழாம் படி: பேசுவது

குழந்தையிடம் திறந்த கேள்வி கேளுங்கள். "அம்மா சாப்பாடு போடலையா?" என்று கேட்டால் பதிலை நீங்களே வாயில் வைத்துவிட்டீர்கள். "நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனதிலிருந்து என்னெல்லாம் நடந்தது, சொல்லேன்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒன்றிரண்டு கேள்வி போதும், விசாரணை உங்கள் வேலை இல்லை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லத்தான் போகிறீர்கள். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லலாம். குழந்தை முன்னால் பெற்றவரைத் திட்டவும் வேண்டாம். பட்டினி போட்ட அம்மாவானாலும் அதற்கு அவள் அம்மாதான்.

சாதாரணக் கவலை என்றால் பெற்றவரிடம் நேராகவே பேசலாம். "கால்புண் ஆறவே இல்லையே, எங்கேயாவது காட்டினீர்களா?" இப்படி, பார்த்ததை மட்டும் சொல்லி. பேசினால் பிள்ளைக்கு அடி விழும், அல்லது பிள்ளையை ஒளித்துவிடுவார்கள் என்ற பயம் துளி இருந்தாலும் பேசாதீர்கள். நேரே அடுத்த படிக்குப் போங்கள்.

எட்டாம் படி: காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நோட்டு, யோசனை, பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆம்புலன்ஸையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ தேட வேண்டியது இப்போது:

எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, அல்லது வலிப்பு.
உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கிறது.
கண்ணும் கைக்குழந்தையின் உச்சிக்குழியும் உள்வாங்கி, வாய் வறண்டு, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் அடங்குகிறது.
இரண்டு பாதமும் வீங்கியிருக்கின்றன, அல்லது எலும்பும் தோலும் மட்டும்தான் மிச்சம்.
புண்ணோடு காய்ச்சல், சிவப்பு பரவிக்கொண்டே போகிறது.
கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ பெரியவர் யாரும் இல்லாமல் தனியாக இருக்கிறது. இதற்குக் காவல்துறையையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.

இங்கே நல்ல மனதுதான் ஆபத்து. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையைப் பார்த்ததும் வயிறு நிறையச் சாப்பாடு போடத் தோன்றும். போடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று சாப்பாடு போனால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். மருத்துவமனையிலேயே முதல் சில நாள் 100 மில்லிக்கு 75 கலோரி மட்டும் உள்ள பாலை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, உலர்ந்த துணியால் போர்த்தி உடம்போடு அணைத்துச் சூட்டோடு வைத்திருப்பது. நன்றாக விழித்திருந்தால் சர்க்கரை கலந்த தண்ணீர் சிறு சிறு மடக்காக. மயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். குளிப்பாட்டிச் சுத்தமாக்கிக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்தக் குளிர்ச்சியே தாங்காது.

தினமும் பசியோடு வரும், ஆனால் ஓடி விளையாடும் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதற்குச் சாப்பாடு கொடுங்கள்.

ஒன்பதாம் படி: தெரிவிப்பது

நிரூபணம் கையில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். நிரூபிப்பது உங்கள் பொறுப்பில்லை. நியாயமான சந்தேகம் போதும். பல நாடுகளில் ஆசிரியர், மருத்துவர், செவிலியர் போன்றவர்கள் சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் இடத்தில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண் எது, சட்டம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தேவைப்படும் அன்றைக்குத் தேட நேரம் இருக்காது.

போனில் பேசும்போது குழந்தையின் பெயர், வயது, இருக்குமிடம், வீட்டில் யார் யார், நீங்கள் பார்த்தது தேதிவாரியாக, கடைசியாகப் பார்த்தது எப்போது, வேறு பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா என்று வரிசையாகச் சொல்லுங்கள். "அநேகமாக", "கேள்விப்பட்டேன்" என்பவற்றை அப்படியே அடையாளம் காட்டிச் சொல்லுங்கள். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, என்ன பதில் வந்தது என்பதும் நோட்டில் ஏற வேண்டும். உங்கள் மேலதிகாரி "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நீங்களே நேராகத் தெரிவிக்கத் தடையில்லை.

அதற்கப்புறம் பல நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள், குழந்தையின் அந்தரங்கம் அது. பிள்ளை மறுநாளும் வழக்கம்போல வரலாம். நீங்களும் வழக்கம்போல இருங்கள், அதே இடம், அதே சிரிப்பு, சாப்பாட்டு நேரத்தில் அதே கவனம். நோட்டை மூடிவிடாதீர்கள். புண் ஆறுகிறதா, சட்டை மாறியிருக்கிறதா, மருந்து வந்ததா என்று எழுதிக்கொண்டே இருங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்றாலோ, மோசமானாலோ, அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அதே எண்ணுக்குத் திரும்பவும் போன் செய்யுங்கள்.